டாலி ஆத்தங்குடி விண்டோஸில், லேப்டாப் கானாடுகாத்தானில் லினக்ஸில்: ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யுமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஆத்தங்குடியில் மாமனாரின் டைல் பட்டறை. அங்கே அலுவலக அறையில் ஒரு விண்டோஸ் கணினி. டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளும் எக்செல் கோப்புகளும் அதில்தான். கேட்டவர் குடியிருப்பது கானாடுகாத்தானில். அவரிடம் இருப்பது லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப், மனைவியிடம் ஒரு மேக்புக். மாலையில் வீட்டில் இருந்தபடியே அன்றைய வரவு செலவை ஏற்ற வேண்டும். "லேப்டாப்பில் விண்டோஸ் போட்டால்தான் முடியும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா, இல்லையென்றால் எப்படிச் செய்வது, பாதுகாப்பானதா?

உண்மையில்லை. லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்பது இந்த விஷயத்தில் கடைசிக் கவலை. மேக், லினக்ஸ், குரோம்புக், ஏன் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இருந்துகூட விண்டோஸ் கணினிக்குள் நுழையலாம். அதற்கான செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைவலி தருவது எப்போதும் அந்தப் பக்கத்துக் கணினிதான். அது எந்தப் பதிப்பு, அதில் எப்படி உள்ளே போகிறார்கள், எந்த இணைப்பில் இருக்கிறது, கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்குமா என்பதில்தான் நேரம் போகும். அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி பட்டறைக் கணினியைப் பற்றியே இருக்கும்.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வசதியின் பெயர் ரிமோட் டெஸ்க்டாப். அது பேசும் நெறிமுறை ஆர்டிபி. 1998ல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. 2001ல் எக்ஸ்பி புரொஃபஷனல் வழியாகச் சாதாரண மேசைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. இதில் கோப்பு எதுவும் உங்கள் லேப்டாப்புக்கு வருவதில்லை. நீங்கள் தட்டும் விசையும் மவுஸ் அசைவும் அங்கே போகின்றன, அங்குள்ள திரை படமாக இங்கே வருகிறது, அவ்வளவுதான். செட்டியார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து கணக்கின் நகல் கப்பலில் ஊருக்கு வரும், முதலாளி நகலைப் பார்ப்பார். இங்கே நகலே கிடையாது; பேரேடு ஆத்தங்குடியில் இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் அதைத்தான் எழுதுகிறீர்கள். கணக்குக்கு இது பெரிய வசதி. டாலி டேட்டா ஃபோல்டரைக் கூகுள் டிரைவில் போட்டு, இரண்டு இடத்திலும் திறந்து எழுதி, டேட்டாவைக் கெடுத்துக்கொண்டவர்கள் காரைக்குடி சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

இப்போது பட்டறைக் கணினி. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போய் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் என்றால் சரி. ஹோம் என்றோ, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்றோ இருந்தால், அந்தக் கணினி ஆர்டிபி வழியாக யாரையும் உள்ளே விடாது. இந்தியாவில் கடையில் விற்கும் பெரும்பாலான ரெடிமேட் கணினிகளில் இருப்பது இந்த சிங்கிள் லாங்குவேஜ்தான். ஹோம் பதிப்பில் இருந்து வெளியே இன்னொரு கணினிக்குப் போகலாம், வெளியில் இருந்து அதற்குள் வர முடியாது. பலர் குழம்புவது இங்கேதான்: கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் என்ற செயலி கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் செயலி போவதற்கு மட்டும்.

ஹோம் என்றால் இரண்டு வழி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகவே பணம் கட்டி ப்ரோவுக்கு மாற்றிக்கொள்ளலாம். டேட்டா, மென்பொருள் எதுவும் அழியாது. அல்லது ஆர்டிபியை விட்டுவிட்டு ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற திரைப்பகிர்வுச் செயலிகளைப் பயன்படுத்தலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். ஹோம் பதிப்பை ஏமாற்றி ஆர்டிபியைத் திறந்துவிடும் குறுக்குவழிக் கருவிகளும் இணையத்தில் சுற்றுகின்றன. உரிம விதிக்குப் புறம்பானவை என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டுக்கும் உடைந்துபோகும் என்பது இன்னொரு பக்கம். ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று அது உடைந்தால் யாரைப் போய்க் கேட்பது?

அபவுட் பக்கத்தில் இருக்கும்போதே இன்னொன்றும் கவனியுங்கள். அது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. வெளியில் இருந்து கதவு திறக்கப் போகும் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது நல்லதல்ல. நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டத்திலாவது சேருங்கள், இல்லையென்றால் 11க்கு மாறுங்கள்.

ப்ரோ என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் ஆன் செய்ய வேண்டியதுதான். அங்கே நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்று ஒன்று இருக்கும். கடவுச்சொல் சரியென்று தெரிந்த பிறகே உள்நுழைவுத் திரையைக் காட்டும் ஏற்பாடு அது. லினக்ஸில் இருந்து இணைக்க அதை அணைக்க வேண்டும் என்று பழைய குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய லினக்ஸ் கருவியின் காலத்துக் கதை அது. இப்போதைய கருவிகளுக்கு அந்தத் தேவை இல்லை. அணைக்காதீர்கள்.

அடுத்தது கடவுச்சொல். பட்டறையில் கணினியை எப்படித் திறக்கிறார்கள்? பெரும்பாலும் நான்கு இலக்க பின், அல்லது ஒன்றுமே இல்லாமல் நேராக உள்ளே. இரண்டுமே ஆர்டிபியில் செல்லாது. பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கை வெளியில் இருந்து திறக்க விண்டோஸ் அனுமதிக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இயங்கும் கணினி என்றால் அந்த ஈமெயிலையும் அதன் முழுக் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். கணினியில் ஒரு தடவையாவது அந்தக் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போயிருந்தால் நல்லது, பின் எண்ணிலேயே பழகிய கணினிகள் சரியான கடவுச்சொல்லையும் தவறு என்று சொல்லும். என் கருத்து, இந்த வம்பே வேண்டாம். அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் ஒரு லோக்கல் பயனர் கணக்கு உருவாக்கி, நீளமான கடவுச்சொல் வைத்து, அதை ரிமோட் டெஸ்க்டாப் பயனர்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பட்டறையிலும் அதே கணக்கையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அது ஏன் அதே கணக்கு? ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் வெளியில் இருந்து நுழைந்ததும் பட்டறையில் உள்ள திரை பூட்டிக்கொள்ளும். கணக்கு ஒன்றே என்றால், அவர் விட்ட இடத்தில் டாலி திறந்தபடி உங்கள் திரையில் வரும், நீங்கள் தொடரலாம். வேறு கணக்கு என்றால் அவருக்கு ஒரு அறிவிப்பு போகும். அவர் அனுமதித்தாலோ, பதில் சொல்லாமல் விட்டாலோ நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள், ஆனால் அவர் திறந்து வைத்த டாலி அவருடைய கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கணினியில் இரண்டு டாலி, ஒரே டேட்டா. தேவையில்லாத சிக்கல். மாமனார் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று பூட்டிக்கொண்டால் கணினி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். ஒரு ஃபோன் போட்டு, "மாமா, நான் உள்ளே வர்றேன்" என்று சொல்லிவிட்டு நுழைவது நல்ல பழக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை பார்க்க வேண்டும் என்றால் அது விண்டோஸ் சர்வர், தனி உரிமங்கள் என்று வேறு செலவு. டாலியின் உரிமத்தைப் பற்றியும் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டிபி வழியாகத் திறக்கப்படுவதைக் கண்டுகொண்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும் மென்பொருள்கள் உண்டு.

இதுவரை சொன்னதைப் பட்டறையிலேயே, ஒரே வைஃபையில் லேப்டாப்பை இணைத்துச் சோதித்துவிடுங்கள். அங்கே வேலை செய்யாதது கானாடுகாத்தானில் இருந்து நிச்சயம் வேலை செய்யாது. கணினியின் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கட்டும். முகவரி 192.168 என்று ஆரம்பிக்கும் ஒன்றாக இருக்கும். அதைக் கொடுத்து லேப்டாப்பில் திரை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, ஊருக்கு ஊர் போகும் பாதை. இதில்தான் ஆபத்தும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய முறை, ரவுட்டரில் ஆர்டிபிக்கான 3389 என்ற போர்ட்டைத் திறந்து கணினிக்குத் திருப்பிவிடுவது. செய்யாதீர்கள். இணையம் முழுவதையும் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு 3389 மிகப் பிடித்த கதவு. கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அடிப்பார்கள். திறந்ததும் எல்லாக் கோப்பையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2019 மே மாதத்தில் ப்ளூகீப் என்று ஒரு ஓட்டை வெளியே தெரிந்தபோது, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. எப்போதோ கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது ஒட்டுப் போட்டது. போர்ட் எண்ணை 3389ல் இருந்து வேறு ஏதாவதாக மாற்றினால் போதும் என்பார்கள். தேடுகிறவர்கள் எல்லா எண்ணையும்தான் தேடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் திறக்க நினைத்தாலும் பல இணைப்புகளில் முடியாது. ஐபிவி4 எனப்படும் இணைய முகவரிகள் தட்டுப்பாடு என்பதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்கின்றன. ரவுட்டரின் பக்கத்தில் போய் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையே ஆரம்பிக்கிறது என்றால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளியில் இருந்து உங்கள் ரவுட்டரைக் கூப்பிட வழியே கிடையாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து, விபிஎன், அதாவது உங்கள் கருவிகளுக்கு மட்டுமான மறைகுறியிட்ட தனிப் பாதை. உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது டெயில்ஸ்கேல். வயர்கார்ட் என்ற திறந்த மூல நெறிமுறையின் மேல் கட்டியது. பட்டறைக் கணினியிலும் உங்கள் லேப்டாப்பிலும் அதை நிறுவி ஒரே கணக்கில் உள்நுழைந்தால், இரண்டும் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே அறையில் இருப்பதுபோல ஒன்றையொன்று பார்க்கும். ரவுட்டரில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ஆர்டிபி செயலியில் 192.168 முகவரிக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டியதுதான். மேக்கில் செயலியாகவே கிடைக்கிறது. மின்ட்டில், அவர்கள் தளத்தில் உள்ள ஒரு வரிக் கட்டளையை டெர்மினலில் ஒட்டினால் நிறுவிக்கொள்ளும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு. பட்டறைக்காக என்பதால் அவர்களுடைய விதிமுறையை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அதில் மூன்று இடங்களைத் தவறவிடாதீர்கள். விண்டோஸ் பக்கத்து டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, யாரும் உள்நுழையாமல் இருக்கும்போது அது இணையவே இணையாது. அடுத்தது, கருவிகளின் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். பட்டறைக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை அவர்கள் நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். செய்யாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் காரணமே தெரியாமல் நின்றுபோகும், அதற்குள் எப்படி அமைத்தோம் என்பதே மறந்திருக்கும். மூன்றாவது முக்கியமானது. டெயில்ஸ்கேலுக்குள் நுழையப் பயன்படுத்தும் கூகுள் கணக்குதான் இப்போது பட்டறையின் சாவி. அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் போடுங்கள். இன்னும் இறுக்க வேண்டும் என்றால் விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் 100.64.0.0/10 என்ற வரம்பில் இருந்து மட்டும் அனுமதி என்று கட்டிவிடலாம்.

சரி, இனி லேப்டாப். சொன்னதுபோல இது சின்ன வேலை.

மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ரெம்மினா என்று தேடுங்கள். அதற்கான ஆர்டிபி ப்ளகினும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உண்மையில் வேலை பார்ப்பது ஃப்ரீஆர்டிபி, 2009ல் அந்தப் பழைய ஆர்டெஸ்க்டாப்பில் இருந்து கிளைத்து வந்தது. புதிய இணைப்பு என்று கொடுத்து, ஆர்டிபியைத் தேர்ந்தெடுத்து, முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல். முதல்முறை ஒரு சான்றிதழ் எச்சரிக்கை வரும். பட்டறைக் கணினி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ் என்பதால்தான், ஏற்றுக்கொள்ளலாம். பின்னால் எப்போதாவது, நீங்கள் எதுவும் மாற்றாதபோது மறுபடி அந்த எச்சரிக்கை வந்தால் யோசியுங்கள். தரம் என்ற இடத்தில் 'மீடியம்' போதும், டாலிக்கு அழகு தேவையில்லை. கருவிப்பட்டையில் டைனமிக் ரெசல்யூஷனை ஆன் செய்தால் ஜன்னலின் அளவுக்கேற்ப திரை தானாகப் பொருந்தும்.

மேக்கில் ஆப் ஸ்டோரில் 'விண்டோஸ் ஆப்' என்று தேடுங்கள். பெயர் விசித்திரம்தான். முன்பு மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்று இருந்ததை 2024 செப்டம்பரில் இப்படி மாற்றிவிட்டார்கள், பழைய குறிப்புகளைப் படிப்பவர்கள் தேடித் தேடிக் களைக்கிறார்கள். ஆட் பிசி கொடுத்து அதே முகவரியைப் போடுங்கள், வந்துவிடும்.

திரை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். டாலியைத் திறந்து முதல் வவுச்சர் போடும்போதுதான் எரிச்சல் ஆரம்பிக்கும். டாலி மவுஸுக்காகச் செய்த மென்பொருள் இல்லை, விசைகளின் ராஜ்யம். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், ஆல்ட்டும் எஃப்2ம் சேர்ந்தால் காலவரம்பு. மேக்கில் அந்த எஃப் விசைகளைத் தட்டினால் வெளிச்சம் கூடும், சத்தம் குறையும், எஃப்11 தட்டினால் எல்லா ஜன்னலும் ஓடி ஒளிந்துகொள்ளும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள் போய், எஃப் விசைகளைச் சாதாரண எஃப் விசைகளாகவே பயன்படுத்து என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் வேறு வம்பு. ஆல்ட்-எஃப்2 தட்டினால் டாலிக்குப் போகாமல் லினக்ஸின் கட்டளைப் பெட்டி திறக்கும். ஆல்ட்-எஃப்4 தட்டினால் ரெம்மினாவே மூடிக்கொள்ளும். அதற்கு ரெம்மினாவின் கருவிப்பட்டையில் 'கிராப் ஆல் கீபோர்டு ஈவெண்ட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் எல்லா விசையும் ஆத்தங்குடிக்கே போகும். வெளியே வர வலதுபக்கக் கண்ட்ரோல் விசை உதவும். அதோடு எஃப் எழுத்தைத் தட்டினால் முழுத்திரைக்குப் போகலாம், திரும்பலாம். நான் பார்த்தவரை லினக்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் சரிப்படவில்லை என்று விட்டுவிட்ட கணக்காளர்களில் பாதிப்பேர் இந்த ஒரு பொத்தானைத் தெரியாமல் விட்டவர்கள்.

தமிழில் பெயர், சரக்கு விவரம் தட்டுவீர்கள் என்றால், உங்கள் லேப்டாப்பின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையை விண்டோஸ் பக்கம் சேர்த்து, மாற்றுவதையும் அங்கேயே மாற்றுங்கள். இரண்டு பக்கமும் தமிழில் இருந்தால் புரியாத எழுத்துக்கூட்டம்தான் வரும். மேக்கில் அப்படியும் தகராறு செய்தால், விண்டோஸ் ஆப்பின் மெனுவில் கீபோர்டு மோடை ஸ்கேன்கோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் உள்ள பிரிண்டரில் பில் எடுக்க வேண்டும் என்றால் பிரிண்டரையே ஆர்டிபி வழியாக இணைக்க வழி உண்டு, ஆனால் லினக்ஸில் அது டிரைவர் கூத்து. நான் சிபாரிசு செய்வது: ரெம்மினாவில் 'ஷேர் ஃபோல்டர்' கொடுத்து லேப்டாப்பின் ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள், அது விண்டோஸில் திஸ் பிசிக்குள் ஒரு டிரைவாகத் தெரியும். டாலியில் கண்ட்ரோல்-ஈ தட்டி பிடிஎஃப்பாக அதற்குள் சேமியுங்கள், லேப்டாப்பில் இருந்து அச்செடுங்கள். மேக்கிலும் ஃபோல்டர்ஸ் பகுதியில் இதே வசதி.

டிஎஸ்சி டோக்கன் வைத்திருக்கிறீர்களா? அதாவது டிஜிட்டல் கையெழுத்துக்கான அந்த யுஎஸ்பி குச்சி. அது பட்டறைக் கணினியில் செருகியே இருந்தாலும், ஆர்டிபி வழியாக நுழையும்போது "டோக்கன் இல்லை" என்றுதான் சொல்லும். கணினி கெட்டுவிடவில்லை. ஆர்டிபி அமர்வில் விண்டோஸ் ஸ்மார்ட் கார்டை அங்கே தேடாது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பில் தேடும், அதன் வடிவமைப்பே அப்படி. டோக்கனை லேப்டாப்பில் செருகி, ஸ்மார்ட் கார்டு பகிர்வை ஆன் செய்து பார்க்கலாம். லினக்ஸில் அதற்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சுலபமான வழி, கையெழுத்திடும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ரஸ்ட்டெஸ்க் போன்ற திரைப்பகிர்வுச் செயலியில் நுழைவது. அதற்குத் தெரிவது பட்டறைத் திரையே என்பதால் டோக்கனும் கண்ணில் படும். பட்டறை ஒருவரே உரிமையாளரான ப்ரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்தால் இந்தக் கவலையே அனேகமாக இல்லை. ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஓடிபி போதும். கம்பெனி, எல்எல்பி என்றால்தான் டிஎஸ்சி கட்டாயம். ஜிஎஸ்டி தளமும் இ-வே பில்லும் பிரவுசர் வேலைகள், அவற்றுக்காக ஆத்தங்குடி கணினிக்குள் போக வேண்டியதே இல்லை. உங்கள் மின்ட்டிலேயே திறக்கும்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கும் இந்தத் திரைப்பகிர்வுச் செயலிகள்தான் வழி என்று சொன்னேன். ஹோம் என்பது அவற்றுக்குத் தடையில்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பிரவுசரிலேயே திறக்கலாம், குரோம்புக்குக்கு அதுதான் வசதி. ரஸ்ட்டெஸ்க் திறந்த மூலம். குறைகளும் உண்டு. பட்டறைத் திரையில் நீங்கள் செய்வதெல்லாம் அங்கே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும், மவுஸை இருவரும் இழுத்துக்கொள்வீர்கள், மானிட்டர் செருகாத கணினியில் திரை அளவு கோணலாக வரும், சுமாரான இணைப்பில் ஆர்டிபியின் சுறுசுறுப்பு இருக்காது. மாமனாருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் மட்டும், இருவரும் ஒரே திரையைப் பார்ப்பது நல்லதே.

இவற்றோடு ஒரு எச்சரிக்கை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல செயலிகள்தான், ஆனால் "பேங்கில் இருந்து பேசுகிறோம், இதை இன்ஸ்டால் பண்ணி நம்பரைச் சொல்லுங்கள்" என்று கூப்பிடும் மோசடிக்காரர்களின் ஆயுதமும் அவைதான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க்கின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. உங்களுக்காக நிறுவும்போது, நீங்கள் தவிர வேறு யார் ஃபோனில் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்று பட்டறையில் இருப்பவர்களிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் இல்லாத நாளில் யுபிஎஸ் தாக்குப்பிடிக்காது, கணினி அணைந்துவிடும். மாலையில் கரண்ட் வரும்போது பட்டறை பூட்டியிருக்கும். அப்புறம் யார் போய்ப் பொத்தானை அழுத்துவது? கணினியின் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) போய், மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு என்ற அமைப்பைத் தேடி ஆன் செய்யுங்கள். ஏசி பவர் லாஸ் என்றோ, பவர் ஃபெயிலியர் என்றோ பெயரில் வரும். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் 'நெவர்' என்று இருக்கட்டும், தூங்கும் கணினி யார் கூப்பிட்டாலும் எழாது. விண்டோஸ் அப்டேட்டின் ஆக்டிவ் ஹவர்ஸில் நீங்கள் வேலை பார்க்கும் மாலை நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். கணினி உயிரோடு இருந்து ரவுட்டர் செத்திருந்தால் பயனில்லை. கணினிக்கு வைஃபைக்குப் பதில் லான் கேபிள் இழுத்தால் இன்னும் நிம்மதி. பட்டறையில் பறக்கும் சிமெண்ட் தூசியில் அந்தக் கணினியின் ஃபேன் எவ்வளவு நாள் சுற்றும் என்பது தனிக் கவலை, அதையும் அவ்வப்போது ஊதித் துடைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். கானாடுகாத்தான் வீடு என்கிறீர்கள். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்தால் அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை வராது. ஆர்டிபிக்கு வேகம் அதிகம் வேண்டாம், ஆனால் விட்டு விட்டு வரும் இணைப்பைப் பொறுக்காது. விசை தட்டி அரை நிமிடம் கழித்து எழுத்து வந்தால் தொகையில் ஒரு சைபர் கூடிப்போகும். உட்காரும் இடத்துக்கே ஒரு கேபிளும் சின்ன ஆக்சஸ் பாயிண்டும் கொண்டுவந்துவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் பயப்பட வேண்டாம். ஆர்டிபி அமர்வு பட்டறைக் கணினியில் அப்படியே நிற்கும், மறுபடி நுழைந்தால் பாதி எழுதிய வவுச்சர் அதே இடத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடுவது போதும், 'ஷட் டவுன்' மட்டும் பழக்கதோஷத்தில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மறுபடி இயக்க ஆத்தங்குடிக்கு வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது அந்த அபவுட் பக்கத்தையும் ரவுட்டரின் வெளி முகவரியையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்து இங்கே சொல்லுங்கள். முகவரியின் கடைசி இரண்டு எண்களை மறைத்துவிடுங்கள். ப்ரோவா ஹோமா என்று தெரிந்தால், மீதியில் எங்கே மாட்டினாலும் பார்த்துக்கொள்ளலாம்.